மாமியாரைச் சாகச் சொன்ன கார்டு

உங்கள் பத்திரிகையில் நாலு வருஷமாக வரும் குடும்பத் தொடர்கதையைப் படித்து ஆத்திரம் தாங்காமல், “மாமியார்க்காரி செத்தால்தான் இந்தக் குடும்பம் உருப்படும்” என்று கார்டு எழுதிப் போட்டேன். அதை என் பெயர், மயிலாப்பூர் விலாசத்தோடு அச்சடித்துவிட்டீர்கள்! எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியாரிடம், பக்கத்து வீட்டு மாமி அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். கோயிலிலிருந்து நான் திரும்பினால் வாசலில் ஜட்கா வண்டி, அதில் மாமியாரின் டிரங்குப் பெட்டி.

“நான் சாகணும்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டியேடி! என் பொண்ணாத்துக்குப் போறேன்.”

ஜட்காவை மறித்து நின்று, முதல் அத்தியாயத்திலிருந்து கதையைச் சொன்னேன். பெட்டி உள்ளே வந்தது.

இப்போது வாராவாரம் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு, அவர் அபிப்பிராயத்தைத்தான் எழுதுகிறேன். இந்த வாரம் அவர் சொன்னது: “அந்த மருமகளை முதல்ல சாகடிக்கச் சொல்லு.”

அதை அப்படியே எழுதியிருக்கிறேன்; கீழே என் கையெழுத்து.