கப்பல் மேசையில் ஒரு ‘வேண்டாம்’

கப்பலில் சாப்பிடுவதற்கு என் பிள்ளைகளை எங்கள் ஊரான கொக்குவிலில் வைத்தே நான் பழக்கத் தொடங்கினேன். தையல் மெசினை இறக்கி வைத்துவிட்டு, அந்த மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, உடுவில் பள்ளிக்கூட விடுதியில் என்னோடு இருந்து படித்த தோழி ஒருத்தி இரவல் தந்த கத்திகளையும் முள்ளுக்கரண்டிகளையும் சாப்பாட்டுக் கோப்பைகளின் இருபுறமும் அடுக்கினேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. மகனுக்கு இரண்டு இன்னும் நிரம்பவில்லை. அவர்களுடைய தகப்பனாருக்கு மலாயாவில் ரயில்வே உத்தியோகம். மகன் என் வயிற்றில் இருந்தபோது லீவு முடிந்து கப்பலேறியவர், இப்போது இருக்க வீடு கிடைத்துவிட்டது என்றும், பிள்ளைகளோடு புறப்படலாம் என்றும் எழுதி, இரண்டாம் வகுப்புச் சீட்டையும் அனுப்பியிருந்தார். மகன் பிறந்ததை அவர் கடிதத்தில்தான் அறிந்தார். மகளைக் கடைசியாகப் பார்த்தபோது அவள் மழலை பேசத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

பிட்டு முள்ளுக்கரண்டியில் நிற்கவில்லை. மகள் குத்திக் குத்தி மேசையெங்கும் உதிர்த்தாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்த என் சின்னம்மா பொறுக்கமாட்டாமல், முள்ளுக்கரண்டியைக் கடப்பாரையாக்கிக் கேட்டார்:

“உதென்ன பிள்ளை, பிட்டுக்கு அலவாங்கு போடுறியள்?”

“கப்பலிலை கையாலை சாப்பிடேலாது, சின்னம்மா.”

“கப்பலிலை உனக்கு ஆர் பிட்டு அவிச்சுத் தரப்போகினம்? இடியப்பத்தைக் குத்திப் பழக்கு. அதெண்டாலும் சுத்திக்கொண்டு வரும்.”

கரண்டி பிடிப்பதைவிட நான் கவனமாகச் சொல்லிக் கொடுத்தது வேறொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், முதற் கேள்விக்கே கை நீட்டுவது வளர்ப்பின் குறை. ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரர் அதை நம்பமாட்டார். மறுபடி கேட்பார். அப்போது ‘போதும்’ என்று கொஞ்சம் இளகிய குரலில் சொல்லவேண்டும். மூன்றாம் முறை அவர் கேளாமலே கோப்பையில் வைத்துவிடுவார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இதில் நிறைவு உண்டு. “கேட்ட உடனை வாங்கினால் பறக்காவெட்டி எண்டு நினைப்பினம்” என்று மகளிடம் சொல்லி வைத்தேன். சோற்றைக் கண்டறியாதவர் போலப் பறப்பவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பயமான சொல் இல்லை. சின்னம்மா வீட்டுக்காரியாக நடிக்க, மகள் இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள். நான் பெருமைப்பட்டேன். தம்பிக்காரனுக்கு இவை ஒன்றும் ஏறவில்லை. கோப்பை தன் பக்கம் வருமுன்னே அவன் கை அதில் இருந்தது.

கொழும்பு வரை அண்ணை எங்களோடு ரயிலில் வந்தார். பயத்தம் பணியாரமும் வடையும் நிரப்பிய தகரப் பேணியைத் துறைமுகத்தில் அவர்தான் மற்றப் பெட்டிகளோடு கப்பலின் அடித்தளத்துக்கு அனுப்பிவிட்டார். “மூண்டு நேரமும் சாப்பாடு தருவினம். உது என்னத்துக்குக் காலுக்கை?” என்றார். நான் அறிந்தபோது பேணி எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

முதல் இரண்டு நாளும் கடல் எங்களைச் சாய்த்துப் போட்டது. நானும் மகளும் படுக்கையை விட்டு எழவில்லை. மகனுக்கு மாத்திரம் ஒன்றும் செய்யவில்லை. கப்பலின் தாதி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவனைத் தூக்கிக்கொண்டு போய் ரொட்டி தின்னக் கொடுத்தார். மூன்றாம் நாள் கடல் தணிந்தது. மகளுக்கு முகம் கழுவி, தலை பின்னி, புதுச் சட்டை போட்டு, சாப்பாட்டு மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். அவள் நன்றாக மெலிந்திருந்தாள். இனிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பெரியவர்களுக்கு முன்னதாகப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடக்கும். நீண்ட மேசையின் விளிம்புகளில் மரச்சட்டம் அடித்திருந்தார்கள், கப்பல் சரியும்போது கோப்பைகள் வழுக்கி விழாதபடி. தோட்டத் துரைமாரின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், எங்கள் இருவர். தாய்மாரும் ஆயாக்களும் சுவரோரத்து நாற்காலிகளில் இருக்கவேண்டும். மேசையருகே வரக்கூடாது என்பது அந்த மண்டபத்தின் ஒழுங்கு. நாங்கள் மரக்கறிக்காரர் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தபடியால் எங்கள் பிள்ளைகளுக்கு அவித்த கிழங்கும் பூசணியும் பாற்சோறு போன்ற ஒரு இனிப்பும் தனித் தட்டில் வந்தன.

வெள்ளைச் சட்டை அணிந்த பரிசாரகர் தட்டோடு மகளின் பின்னால் வந்து குனிந்து ஏதோ கேட்டார். அவள் நிமிர்ந்து இருந்தபடி, நான் பழக்கிய இங்கிலீசில், அழகாக வேண்டாம் என்று சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பூசணி வந்தது. அதுவும் போயிற்று. கோப்பையில் முன்கூட்டியே வைத்திருந்த ஒரு துண்டு ரொட்டியை மட்டும் அவள் தின்றாள். நான் சுவரோரத்திலிருந்து கண்ணால் காட்டினேன். ‘சாப்பிடு’ என்று நான் காட்டிய கண்ணை ‘மரியாதையாய் இரு’ என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஊரில் போன வீடுகளிலெல்லாம் அந்தக் கண் அதைத்தானே சொல்லியிருந்தது! அவள் இன்னும் நிமிர்ந்து இருந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் கேட்டேன்: “வயித்துக்கை ஏதேன் செய்யுதே?”

“இல்லை.”

“அப்ப ஏன் சாப்பிடேல்லை?”

“அவை தரேல்லை, அம்மா.”

“தந்தவைதானே? நீயெல்லே வேண்டாம் எண்டனி.”

“ஓம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையின் முரண்டு என்று எண்ணினேன். ‘அவை தரேல்லை’ என்ற அந்த ஒரு வரியை அப்போதே உற்றுக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்து நூலகத்தில் நான் படித்த இங்கிலீசுக் கதைகளில் எத்தனையோ விருந்துகள் நடந்தன. எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்று அவற்றிலிருந்து நான் அறிந்திருந்தேன். எத்தனை தடவை கேட்பார்கள் என்று ஒரு கதையிலும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலையும் மத்தியானமும் அவ்வாறே கழிந்தன. என் பந்தியிலிருந்து நான் கொண்டுவந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றாள், அவ்வளவுதான். கண்களின் கீழே கருமை விழுந்திருந்தது. பின்னேரம் தாதி வந்து அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். பினாங்கில் இறங்குமுன் துறைமுக வைத்தியர் கப்பலில் ஏறுவார் என்றும், இப்படிச் சோர்ந்த பிள்ளையைக் கண்டால் நோயென்று சந்தேகித்துத் தீவிலுள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பக்கூடும் என்றும் மெல்லச் சொன்னார். நடுவில் இருந்தது இன்னும் ஒரு முழு நாள்தான். துறைமுகத்தில் அவளுடைய தகப்பனார் இரண்டரை வருடத்து ஆவலோடு வந்து நிற்க, நான் வேலிக்குள் அடைபட்ட பிள்ளையோடு இருக்கப் போகிறேன் என்று நினைத்தபடி மகளின் தலையை மறுபடி வாரிப் பின்னினேன்.

அன்றைய பின்னேரப் பந்தியில் வழக்கமான பரிசாரகர் வரவில்லை. கோப்பை கழுவும் அறையிலிருந்து ஒருவரைத் தட்டேந்த அனுப்பியிருந்தார்கள். கறுத்து உயர்ந்த மனிதர், கழுத்தில் ஒரு மாதா சுரூபம். மகளின் பின்னால் வந்து மற்றவர் கேட்டதுபோலவே இங்கிலீசில் கேட்டார். அவள் மறுத்தாள். அவர் நகரவில்லை. தட்டை ஏந்தியபடியே அவளுடைய முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“ஏன் மோனை, பசிக்கேல்லையே?”

மகள் திடுக்கிட்டாள். நானும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“வேண்டாம்” என்றாள்.

“உது என்ன கதை? நல்ல கிழங்கு. ஒரு கரண்டி வைக்கிறன்.”

“வேண்டாம், போதும்.” குரல் இளகியிருந்தது.

“வெறுங் கோப்பையை வைச்சுக்கொண்டு என்ன போதும்? இந்தா, பிடி.”

அவர் ஒரு கரண்டி வைத்தார். இன்னொன்றும் வைத்தார். மகள் தலையைக் குனிந்தாள். பிறகு சாப்பிட்டாள். முள்ளுக்கரண்டி மேலும் கீழும் போய்வந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழங்கு தீர்ந்தது, பூசணி தீர்ந்தது, பாற்சோறு இரண்டு தரம் தீர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு ‘வேண்டாம்’ சொல்லப்பட்டது. பக்கத்திலிருந்த துரைப்பிள்ளைகள் இந்தச் சடங்கை வாய் திறந்து பார்த்தார்கள்.

பந்தி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

“அம்மா எவடம்?”

“கொக்குவில்.”

“நான் குருநகர். பின்னை என்ன, எங்கடை ஊர்தானே! தங்கச்சி, உங்களுக்குத் தெரியாதே? இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாமெண்டால் அவைக்கு அது வேண்டாம்தான். நானும் முதல் கப்பலிலை வந்து மூண்டு நாள் பட்டினி கிடந்தனான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் விடவில்லை.

“பெரிய பந்தியிலை நீங்களும் உப்பிடித்தான். நேற்றுப் புடிங் வேண்டாமெண்டு போட்டு, அது போன பக்கமே பாத்துக்கொண்டிருந்தனியள். நான் கதவுக்காலை கண்டனான்.”

உண்மைதான். இரண்டு நாளாய்க் கடலின்மேல் பழிபோட்டுக்கொண்டு நானும் அரை வயிற்றோடுதான் எழுந்திருந்தேன். இன்னொன்றையும் எழுதவேண்டும். குருநகர் மீன்பிடிக்காரரின் இடம்; ஊரில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், சாதியைச் சொல்லி வேலிப் படலையைத் தாண்டி உள்ளே விட்டிருக்கமாட்டோம். உபசரிப்பில் எங்களைப்போல உண்டோ என்று பேசிக்கொள்ளும் வீடு அது. அந்தக் கூச்சம் எனக்கு இன்றும் உண்டு. அன்று என்னால் சொல்ல முடிந்தது, “பெரிய உபகாரம், அண்ணை” என்பது மட்டும். அவர் “உதென்ன, ஒரு கரண்டி கிழங்கு” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பழைய பரிசாரகர் திரும்பிவிடுவார். ஆகவே அறையில் மகளை மடியில் இருத்தி, நான் கட்டிய வேலியை நானே அவிழ்க்கவேண்டியதாயிற்று.

“நாளைக்குக் கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லவேணும்.”

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “பறக்காவெட்டி எண்டு சொல்லமாட்டினமே?”

“கப்பலிலை சொல்லமாட்டினம்.”

“அப்ப எங்கை சொல்லுவினம்?”

“ஊரிலை.”

“அப்ப கப்பலிலை பறக்காவெட்டியள் ஒருத்தரும் இல்லையே?”

தம்பிக்காரன் அந்நேரம் தன் சட்டைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் மூன்று பந்தியிலும் அவள் ‘யெஸ்’ என்றாள். முதற் தடவை சொல்லும்போது காது மடல்வரை சிவந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணால் ஒன்றும் காட்டாமல் முழுத் தலையையும் ஆட்டினேன். அடுத்த நாட் காலை, துறைமுக வைத்தியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னார். மகளின் கன்னத்தை விரலால் தட்டி, அடுத்த பிள்ளையிடம் போனார். தாதி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினார்.

துறைமுகத்தில் பிள்ளைகளின் தகப்பனார் நின்றார், முன்னிலும் கொஞ்சம் பருத்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி. மற்றக் கையில் ஒரு கூடை மங்குஸ்தான் பழம். மகனை வாரி எடுத்தார். அவன் கூடைக்குள் கையை விட்டான். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். அவர் ஒரு பழத்தை உடைத்து, வெள்ளைச் சுளைகள் தெரிய நீட்டினார்.

“அப்பா தாறன், வேணுமோ?”

“வேண்டாம்.”

அவர் கை மெல்லத் தாழ்ந்தது. பழத்தைக் கூடையில் திரும்ப வைத்தார்.

“என்னை மறந்துபோனாள்” என்றார் என்னிடம். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

“இன்னொருக்காக் கேளுங்கோ.”

“வேண்டாமெண்டு சொல்லீட்டாளே?”

“ஊரை விட்டு வந்து உங்களுக்கும் உதெல்லாம் மறந்துபோச்சுதே? இறங்கீட்டம், இனிக் கப்பல் இல்லை எண்டு அவள் நினைக்கிறாள். கேளுங்கோ.”

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கியது. அந்தச் சனக்கூட்டத்தின் நடுவே தூசியில் முழங்காலூன்றி இருந்து மறுபடி கேட்டார். மகள் ‘போதும்’ என்றாள். ஒன்றும் தின்னாமல் என்ன போதும் என்று சொல்லி, ஒரு சுளையை அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டுமுன் அது வாய்க்குள் போய்விட்டது.

அடுத்த நாள் மத்தியானம், எங்கள் புது வீட்டில் முதற் சாப்பாடு. அவர் தானே பரிமாறுவேன் என்று நின்றார். முதல்நாள் போலப் பிழை வந்துவிடக்கூடாதே என்ற அவசரத்தில், கேளாமலே மகளின் கோப்பையில் சோற்றைக் குவித்து, பருப்பை ஊற்றி, அப்பளத்தையும் நொறுக்கி வைத்தார். மகள் சோற்றில் கையை வைக்காமல் அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா,” என்றாள் மிகுந்த பொறுமையோடு, “நான் இன்னும் வேண்டாமெண்டு சொல்லேல்லை.”