சினை ஊசிக்காரரின் ஓட்டு

கிவிசால்மியில் அர்மாஸ் பெல்லிக்கா கால் வைக்காத மாட்டுக்கொட்டில் கிடையாது. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவர் தொழில். தோள்வரை ஏறும் ரப்பர் உறையும், ஐஸ் வைத்த பெட்டியும், கதவு சரியாகச் சாத்தாத பழைய காருமாக ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். ஏலக்காய் ரொட்டி வைத்தால் ஒன்று எடுப்பார், இரண்டாவதை வற்புறுத்தினால்தான் தொடுவார்.

எங்கள் ஊரில் அப்போது எல்லாமே இரண்டு. கடை இரண்டு, நடனக் கூடம் இரண்டு, விளையாட்டுக் கழகம் இரண்டு. 1918-ல் நாட்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டபோது வெள்ளையர் என்ற பண்ணைக்காரர் படையின் பக்கம் நின்றவர்களின் பிள்ளைகள் ஒரு கடைக்குப் போவார்கள். சிவப்பர் என்ற தொழிலாளர் படையின் பக்கம் நின்றவர்களின் பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போவார்கள். பின்னால் ரஷ்யாவோடு நடந்த போரில் ஒரே பதுங்குகுழியில் கிடந்தார்கள்தான். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அவரவர் கடைக்கே போனார்கள். காளை விந்து மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியிலிருந்து வந்தது.

அதனால்தான் அர்மாஸை ஊராட்சி சபைக்குத் தலைவராக்கினோம். அவர் வெளியூர்க்காரர். ரஷ்யாவோடு நடந்த போர் முடிந்த பிறகு எங்கள் ஊர் கெர்த்துவைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "நான் பசு பக்கம்" என்பார். நானும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினன். அவர் இருக்கும்வரை பேச்சு ஒழுங்காகச் சாலை, பள்ளிக்கூடம், சாக்கடை என்றுதான் போய்க்கொண்டிருந்தது.

1918 போர் நடந்து ஐம்பதாவது வருஷம் நெருங்கியபோது சபைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. இரண்டும் ஒரே மேட்டைக் கேட்டன. ஏரிக்கு மேலே பைன் மரங்கள் நிற்கும் அந்த மேட்டில்தான் அந்த ஏப்ரலில் சண்டை நடந்தது. சண்டை முடிந்து சரணடைந்த சிவப்பர்களை மேட்டின் பின்சரிவில் நிறுத்திச் சுட்டதும் அங்கேதான். தொழிலாளர் சங்கம் அங்கே தங்கள் ஆட்களுக்கு ஒரு கல் நட வேண்டும் என்றது. சங்கத்தின் சார்பில் பேசியவர் கொத்தனார் ரெய்னோ லாக்ஸோ. அவருடைய தாய்மாமன் அந்தச் சரிவில் கிடக்கிறார். எதிர்ப்பக்கம் ஊரிலேயே பெரிய பண்ணைக்காரரான வில்ஹோ ஹெர்ரலா. மேட்டில் வெற்றித் தூண் நிறுத்த வேண்டும், 'விடுதலைப் போர்' என்று அதில் வெட்ட வேண்டும் என்றார்.

"தேவாலயத்து முற்றத்துலதான் உங்களுக்குச் சிலை இருக்கே, வில்ஹோ. சிங்கம் மாதிரி ஒண்ணு வேற படுத்திருக்கு" என்றார் லாக்ஸோ, சபையிலேயே.

"அது செத்தவங்களுக்கு. இது ஜெயிச்சதுக்கு."

"ஜெயிச்சதுக்குத்தான் பண்ணை இருக்கே!"

சிரித்தவர்களும் உண்டு, எழுந்து வெளியே போனவர்களும் உண்டு. வட்டாரப் பத்திரிகை இரண்டு பக்கத்துக் கடிதங்களையும் வாராவாரம் போட்டது. ஒரே தெருவில் இருந்த, எதிரெதிர்ப் பக்கத்து மருமகள்கள் இரண்டு பேர் பால்வண்டிக்குக் காத்து நிற்கையில் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்த வசந்தத்தில் அர்மாஸுக்குப் பசுக்களைவிட மனிதர்கள்தான் அதிகத் தொல்லை கொடுத்தார்கள். பசுவின் பின்னால் கை விட்டு நிற்கும் மனிதர் ஓட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெர்ரலா கொட்டிலில் வாசலை மறித்து நின்றுகொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, என் கொட்டில்ல பொறந்த கன்னுல முக்காவாசி உன் கைவேலை. இதுக்கு மட்டும் கை நடுங்குதா?"

"நடுங்கல. இப்ப அதை நடுங்க விடாதீங்க, மாடு மிரளும்" என்றார் அர்மாஸ்.

லாக்ஸோவுக்கு ஒரே ஒரு பசுதான். அவர் அதன் கழுத்தைப் பிடித்தபடி சொன்னார்: "நடுநிலைன்னு சொல்லிட்டே இருங்க. வேலி மேல உக்காந்தவனுக்குத்தான் முள்ளு குத்தும்."

கோடை தொடங்குமுன் ஹெர்ரலா எங்கிருந்தோ விசாரித்து வந்துவிட்டார். அர்மாஸ் வளர்ந்தது மேற்கே சமவெளியில், வெள்ளையர் கோட்டை என்று பேர்போன பகுதியில் ஒரு பண்ணையில். அந்தப் பண்ணைக்காரர் வெள்ளையர் படையில் போய் அதே ஏப்ரலில் செத்தவர். "நம்ம ஆளுதான்யா!" என்று ஹெர்ரலா கடையில் எல்லோருக்கும் சொன்னார். செய்தி எதிர்க்கடைக்குப் போவதற்குள் அதன் மறுபாதியும் தெரிந்துவிட்டது. அவர் அங்கே பிறந்தவர் அல்ல. அப்பா சிவப்பர், கைதி முகாமில் பட்டினியில் செத்துப்போனார். அம்மா அந்த இலையுதிர்காலத்துக் காய்ச்சலில் போனாள். ஆறு வயதுப் பையனை மற்ற அநாதைகளோடு ரயிலில் ஏற்றி, நல்ல வீடுகளில் வளரட்டும் என்று மேற்கே அனுப்பியிருக்கிறார்கள். "நம்ம ரத்தம்!" என்றார் லாக்ஸோ.

சில வாரங்களுக்கு எல்லா வீட்டிலும் அவருக்கு நல்ல காப்பி கிடைத்தது. ரொட்டி தட்டு தட்டாக வந்தது. அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று என் மனைவி சொன்னாள். எங்கள் அடுக்களையில் ஒருநாள் அவரே வாய் திறந்தார்: "இருபது வருஷமா மனுஷனா இருந்தேன். இப்ப ரெண்டு பக்கமும் என்னைச் சந்தையில ஏலம் போடுறாங்க."

மேடு யாருக்கு என்ற சபை ஓட்டுக்கு முன்பு அவர் மேற்கே போய் வந்தார். அங்கே ஐலி இருந்தாள். அந்தப் பண்ணைக்காரரின் ஒரே மகள், அவரைவிட நாலைந்து வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் பண்ணையைத் தனியாளாக நடத்துகிறவள். சிறுவயதில், சிவப்பர் பிள்ளை என்பதால் அவரை 'ரஷ்யப் பயலே' என்று கூப்பிட்டவளும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் வேறொருவன் அப்படிக் கூப்பிட்டபோது அவன் மூக்கை உடைத்தவளும் அவள்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுப்பில் சுட்ட பாலாடைக்கட்டி ஒரு வட்டம் அவளிடமிருந்து வரும். ஒவ்வொரு கோடையும் வைக்கோல் அள்ள அவர் அங்கே போவார்.

அன்று நடந்ததை அவர் எனக்குப் பின்னால் சொன்னார். இரண்டு விண்ணப்பங்களையும், முடிவு தன் கையில் வந்து விழலாம் என்பதையும் அவர் சொல்லிமுடித்ததும் ஐலி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாளாம்.

"எங்கப்பாவைச் சுட்டவங்களுக்கு நீ கல்லு வைக்கப் போறியா?"

"உங்கப்பாவைச் சுட்டவங்க எங்க ஊர்க்காரங்க இல்லக்கா."

"எல்லாம் ஒரே கூட்டம்தான். நீ அவங்களுக்குக் கையைத் தூக்கினா என் வாசல்ல வந்து நிக்காத. அவ்வளவுதான்."

அவர் காரை எடுத்தார். ஊருக்கு வந்ததும் நேராக மேட்டுக்குப் போனார். பின்சரிவில் ஊராட்சி லாரி நின்றிருந்தது. பல வருஷங்களாகச் சாலைக்கான சரளைக்கல்லை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். குழியின் விளிம்பு, சுடப்பட்டவர்களைப் புதைத்த இடம் என்று ஊர் சொல்லும் சூரைப்புதர்களை ஏறக்குறைய எட்டிவிட்டிருந்தது. அர்மாஸ் லாரி டிரைவரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு விளிம்பிலேயே வெகுநேரம் நின்றார்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்து ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் தலைவர் எந்தப் பக்கமோ அதுவே முடிவு. அர்மாஸ் எழுந்து நின்று, ஈரக்கையைத் துடைப்பதுபோல உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்தார்.

"என்னைப் பெத்தது ஒரு வீடு, சோறு போட்டது இன்னொரு வீடு. அதை வச்சு ஓட்டுப் போடச் சொன்னா, ரெண்டு கையும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அதனால நான் இடத்தைத்தான் பாத்தேன். தேவாலயத்துல ஒரு பக்கத்துக்குக் கல்லு இருக்கு. வருஷா வருஷம் பூ வைக்கிறோம். இன்னொரு பக்கத்து ஆளுங்க மேல நாம ரோடு போடக் கல்லு தோண்டிட்டிருக்கோம். மேடு தொழிலாளர் சங்கத்துக்கு. சரளைக் குழியை நாளையோட மூடணும்."

மண்டபத்தின் ஒரு பாதி கைதட்டியது. அவர் கையை உயர்த்தினார்.

"இருங்க, இன்னும் முடியல. ரெய்னோ, நீங்க கல்லுல 'கொலை செய்யப்பட்டவர்கள்'னு எழுதக் கேட்டிருக்கீங்க. அதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சண்டையிலயே செத்தவங்களும் அங்க இருக்காங்க. 'தாங்கள் நம்பியதற்காக இங்கே உயிர்விட்டவர்கள்'. இதுதான் நிபந்தனை."

"அப்ப கொன்னது யாரு? காத்தா?" என்று கத்தினார் லாக்ஸோ.

"அது ஊருக்கே தெரியும். கல்லைப் பாத்துத்தானா தெரிஞ்சுக்கணும்?"

இப்போது யாரும் கைதட்டவில்லை. ஹெர்ரலா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். லாக்ஸோவும் சந்தோஷமாக இல்லை. அந்த வார்த்தைக்காக அவர் அர்மாஸை வெகுகாலம் மன்னிக்கவில்லை.

பிறகு பல வெள்ளையர் வீடுகள் அர்மாஸைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஹெர்ரலா சொந்தமாக ஒரு காளையே வாங்கிவந்தார். பார்க்க லட்சணமான காளை. ஆனால் வேலி ஓரத்தில் படுத்து அசைபோடுவதைத் தவிர வேறெதிலும் அதற்கு நாட்டமில்லை. இலையுதிர்காலத்தில் ஹெர்ரலாவின் மனைவி சீக்கா, கணவர் இல்லாத நேரம் பார்த்து அர்மாஸுக்குப் போன் செய்தாள்.

"அவர் கௌரவம் பாக்குறாரு, மாடு பாக்குமா? சட்டுனு வந்துட்டுப் போங்க."

அவர் போனார். வேலை பாதியில் இருக்கும்போது ஹெர்ரலா வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். காப்பி நேரத்தில் மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். அடுத்த வசந்தத்தில் அவர் வீட்டிலிருந்து மறுபடியும் ஒழுங்காகப் போன் வரத் தொடங்கியது. காளை கறிக்குப் போனது.

கல் ஓட்டு நடந்த அந்தக் கோடையிலேயே நடப்பட்டது. ஒருமுறை யாரோ அதன்மேல் தார் ஊற்றினார்கள். லாக்ஸோ சுரண்டி எடுத்தார். யார் ஊற்றியது என்று ஊருக்குத் தெரியும். ஆனால் அதற்காக ஒரு கடிதமும் பத்திரிகைக்குப் போகவில்லை.

ஐலியிடமிருந்துதான் அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பாலாடைக்கட்டி வரவில்லை. கெர்த்து தபால்காரரிடம் இரண்டுமுறை கேட்டுப் பார்த்தாள். அர்மாஸ் ரொட்டியை வெண்ணெயோடு தின்றார். ஆனால் கோடை வந்து வைக்கோல் காயும் வாரம் தொடங்கியதும், "எங்க போறீங்க? வாசல்ல நிக்காதன்னுதானே சொன்னாங்க?" என்று கெர்த்து கேட்டபோது, "வயலுக்கு வாசல் ஏது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஐலி வயலில் தனியாக நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. இன்னொரு வைக்கோல் வாரியை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு நாள் வேலை நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் அவருடைய தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள், வேலிக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் அடுக்கும்போது, தலை நிமிராமலே கேட்டாள்:

"அந்தக் கல்லுல என்னதான் எழுதியிருக்கு?"

அவர் சொன்னார்.

"பேருங்க போட்டிருக்கா?"

"தெரிஞ்சவங்க பேரு போட்டிருக்கு. பாதிப் பேரோட பேரே தெரியல."

"உங்கப்பா பேரு?"

"அது எப்படி இருக்கும்க்கா? அவர் அங்க சாகல. எங்க புதைச்சாங்கன்னே தெரியாது."

ஐலி வாரியை ஊன்றி நின்றாள். அவருடைய அப்பாவுக்காகத்தான் அந்தக் கல் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

"மழை வருது. வாயைப் பாத்துட்டு நிக்காம சீக்கிரம் அள்ளுடா" என்றாள்.

அன்று சாயங்காலம் தட்டு படிக்கட்டுக்கு வரவில்லை. உள்ளே மேசைமேல், அவள் தட்டுக்கு எதிரே இருந்தது. அதற்குப் பிறகும் அவள் கல்லைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்ததேயில்லை. அர்மாஸும் வா என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.