நாவலை மூன்றாக வெட்டிய கோடை

எங்கள் வீட்டில் எந்த வேலையையும் வெட்டிப் பிரித்துத்தான் செய்வார்கள். இராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே அப்பா பேண்டேஜ் யூனிட் வைத்திருந்தார். நீளத் துணியை வெட்டி, மேசைக்கு ஒரு பங்காகக் கொடுத்து, சுருட்டி, பாக்கெட்டில் போடுவார்கள். ஒரே ஆள் முழுத்துணியையும் கட்டிக்கொண்டு அழுதால் வேலை நடக்காது என்பது அப்பாவின் கொள்கை. அதனால்தான், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அத்தை ஒரு தடித்த நாவலை வெட்டும் மேசையில் வைத்து மூன்று துண்டாக்கியபோது அது யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வருவாள். அண்ணன் பேச்சைத் தட்டாத தங்கை என்று தெருவே அவளைப் பாராட்டும். அந்தப் பாராட்டே அந்த வருஷம் அவளுக்குத் தொல்லையாக வந்து முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் பெண் கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை, அத்தை வேலையை விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. இருந்தாலும் விட வேண்டும். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அத்தை ஆட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தட்டு மாற்ற வருவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்: பெரியப்பா மகனான அண்ணன், என் அக்கா, நான். எங்களுக்கு அந்தச் சம்பந்தத்தில் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்கள் பால்கோவா கொண்டு வருவார்கள்.

அந்த வாரத்தில்தான் அத்தை நாவலை எடுத்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சீமையில் யாரோ எழுதி, இங்கே யாரோ மொழிபெயர்த்தது. அட்டை எப்போதோ போய்விட்டிருந்தது.

“புஸ்தகம் ஒண்ணு, ஆளு மூணு. ஆளுக்கொரு பங்கு படிங்க. பொறவு மூணு பேரும் சேந்து சொன்னா முழுக்கதையும் வந்துரும்” என்றாள். வெட்டிய முதுகுகளில் பசை தடவி, பேண்டேஜ் துணியை ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் பக்கமாக வந்த அப்பாகூட, “நல்ல ரோசனைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் பங்கு அண்ணனுக்கு. அவன் பிளஸ் ஒன் முடித்தவன். புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வரும் ஜாதி. இரண்டாவது பங்கு அக்காவுக்கு. மூன்றாவது எனக்கு. எனக்குப் பாதிப் பேர் யார் என்றே தெரியவில்லை. ஆனால் அத்தை என்னை மட்டும் தினமும் மாடிக்குக் கூட்டிப்போய் என் பங்கைச் சொல்லச் சொல்வாள். “சத்தமாச் சொல்லுட்டி, டவுன் பஸ்ஸுல பின் சீட்டுல இருக்கவுகளுக்குக் கேக்கணும்.” மூவரில் நான்தான் கெட்டிக்காரி, அதனால்தான் இந்தத் தனிக் கவனிப்பு என்று எனக்குள் ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அந்த அம்மாவின் மடியில் தட்டு, தட்டில் பூ, பழம், பூவுக்கு நடுவில் பால்கோவா டப்பா. நாங்கள் மூன்று பேரும் டப்பாவுக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தோம். பெரியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நூல் விலையைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்ததும் அந்த அம்மா எங்களைப் பார்த்து, “லீவுல என்ன பண்ணுதீக?” என்று கேட்டார்.

“கதை படிக்காக. சொல்லச் சொல்லிக் கேளுங்களேன்” என்றாள் அத்தை. அன்று அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அண்ணன் எழுந்து நின்றான். “ஒரே மழை பெய்யுது. எல்லாரும் டீ குடிக்காக. அந்தப் பொண்ணு ஸ்கூல்ல டீச்சர். அவளுக்கு ஒருத்தர் லெட்டர் போடுதாரு. பொறவு மறுபடியும் மழை பெய்யுது” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். நூற்றெழுபது பக்கம் படித்ததற்கு அவ்வளவுதான் மிச்சம்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் அந்த வாரம் முழுவதும் காயப்போட்ட துணிகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து அழுது அழுது படித்தவள். “அவனுக்கு ரசனையே கெடையாது. லெட்டர் போட்ட அந்த ஐயா எம்புட்டு நல்லவரு தெரியுமா? அவ அப்பாவுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சதும் கொட்டுற பனியில குதிரைவண்டி ஓட்டிட்டுப் போயி டாக்டரைக் கூட்டியாந்தாரு!” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் மனசு இளகி, “பாவம், தங்கமான பையன்” என்றார்.

என் பங்கில் அந்தத் தங்கமான பையன் அப்படி இல்லை. நான் எழுந்து, பின் சீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன்: “அவன் மோசமானவன்! கட்டிக்கிடணும்னா பள்ளிக்கூடத்தை விட்டுரணும்னு சொல்லுதான். அவ மாட்டேன்னுட்டா. மோதிரத்தைக் கவர்ல போட்டுத் திருப்பி அனுப்பிட்டா.”

“அவ அப்பாவைக் காப்பாத்தினவரு அவரு!” என்று கத்தினாள் அக்கா.

“அதுக்காகக் கட்டிக்கிடணுமா? அப்படின்னா அந்த டாக்டரையில்ல கட்டியிருக்கணும்!”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவருடைய அப்பா இருமினார். எங்கள் அப்பாவின் கண்கள் என்னை உட்காரச் சொல்லி மிரட்டின. ஆனால் அந்த அம்மாவுக்குக் கதை முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது. “கடைசி வரைக்கும் அந்தப் பிள்ளை கல்யாணமே பண்ணலையா?”

“பண்ணலை. சந்தோசமாத்தான் இருந்தா. கடைசிப் பக்கத்துல பள்ளிக்கூட மணி அடிக்குது, பிள்ளைக எல்லாம் ஓடியாருது. அம்புட்டுத்தான் கதை.”

மாப்பிள்ளையின் அப்பா அத்தையின் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா சொல்லுத?” என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். “பிள்ளைக நல்லாப் படிச்சிருக்காக” என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தட்டை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். டப்பா வந்த கையிலேயே திரும்பிப் போயிற்று. அப்பா என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அண்ணனும் அக்காவும் ஒற்றுமையானது அந்த வாரத்திலேயே அப்போதுதான். இரண்டு பேரும் பால்கோவாவுக்காக என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் அழுதேன். பால்கோவா போனதற்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மையில், அத்தையின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று பயந்துதான் அழுதேன். மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவோடு வந்தாள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் கால் கிலோ, எனக்கு மட்டும் தனியாக அரைக் கிலோ. இவ்வளவு கெடுத்தவளுக்கு இவ்வளவு பால்கோவாவா என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. அத்தையின் நல்ல மனசை நினைத்து நினைத்து அழுதுகொண்டே முழுவதையும் நானே தின்றேன்.

அத்தை பிறகு அதே பள்ளியில் வேலை பார்த்த கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் பாடம் நடத்துகிறாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், அங்கே நூலகத்தில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. மழையும் டீயும் தாண்டி, குதிரைவண்டி தாண்டி, என் பங்குக்கு வந்து சேர்ந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பக்கத்தைப் புரட்டினால் இன்னும் ஓர் அத்தியாயம் இருந்தது. அந்த ஐயா திரும்பி வருகிறார். வேலையை விட வேண்டும் என்கிற நிபந்தனையை மட்டும் விடவில்லை. அவள் பள்ளிக்கூடச் சாவியை ஒப்படைத்துவிட்டு அவரைக் கட்டிக்கொள்கிறாள். பதினாறு பக்கம்.

அன்றே பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனேன். “என் பங்குல கடைசிப் பதினாறு பக்கம் எங்க அத்தை?”

அத்தை விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை. “ஏட்டி, பேண்டேஜ் யூனிட்காரன் மகதானே நீ? வெட்டுனா கொஞ்சம் வேஸ்ட் போகத்தான் செய்யும்.”

அந்த அரைக் கிலோ ஆறுதலுக்கு வாங்கியது இல்லை, கூலி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.