ராஜம்மாளின் இரண்டரை ரூபாய்

முப்பது வருஷம் நின்றபடியே தறி ஓட்டியவள் ராஜம்மாள். குமாரபாளையத்தில் பாதிப்பேருக்கு உள்ள வியாதிதான் அவளுக்கும்: காலையில் வெந்நீர் படாவிட்டால் முழங்கால் மடங்காது. தெருவுக்குக் குழாயில் கேஸ் வந்து, மகள் வித்யா குளியலறைக்கு ஒரு கேஸ் ஹீட்டரும் வாங்கி மாட்டிக்கொடுத்த பிறகுதான் மார்கழியிலும் முனகாமல் நடமாடினாள்.

புருஷன் மருதாசலம் கெட்டவர் இல்லை, கணக்குப் பைத்தியம். சனிக்கிழமைதோறும் துணியை அளந்துகொடுத்துக் கூலி வாங்கிய பழக்கத்தில் கேஸ் மீட்டரையும் சனிக்குச் சனி நோட்டில் குறித்துவந்தார். அடுப்பு மட்டும் எரிந்தபோது வாரத்துக்கு ஒன்றரை யூனிட். ஹீட்டர் வந்தபின் இரண்டேகால். கூடுதலான முக்கால் யூனிட்டை அப்படியே ராஜம்மாள் தலையில் கட்டினார். தான் பச்சைத்தண்ணீரில் குளிக்கிற ஆள் என்று பட்டறை முழுக்கப் பெருமை வேறு.

“இந்த மாசத்தோட ஹீட்டரக் கழட்டிப்போடலாம். அடுப்புல ஒரு சொம்பு காய வெச்சுக்க” என்றார்.

ஒரு சொம்பு எந்தக் காலுக்குப் போதும்? ராஜம்மாளுக்கு அழுகை வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. சண்டைக்குப் போனால் மனுஷன் நோட்டை விரிப்பார். அதனால் அவளும் மீட்டரையே பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, தினமும் அடுப்பை நிறுத்திவிட்டு, குளிக்குமுன் ஒரு தரம், குளித்தபின் ஒரு தரம் பார்த்தாள். கடைசியில் இருக்கும் சிவப்பு எண்கள் ஆயிரம் ஓடினால் ஒரு யூனிட். அவள் குளியலுக்கு ஓடியது ஐம்பது. யூனிட் ஐம்பது ரூபாய், ஆக, ஒரு குளியலுக்கு இரண்டரை ரூபாய். ஏழு நாளும் கூட்டினாலும் முந்நூற்றைம்பது எண்தான். முக்கால் யூனிட்டில் மீதி நானூறு எங்கே போகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்த மீதி, சனிக்கிழமை காலை, தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தானே வந்து நின்றது. சனி எண்ணெய்க்குளியலை மருதாசலம் விட்டதேயில்லை. அதைக் குளியல் கணக்கில் சேர்த்ததுமில்லை, கேட்டால் அது உடம்புச்சூட்டுக்கு என்பார். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளே போனவர் எண்ணெய் போக அரப்பைத் தேய்த்து வாளி வாளியாக ஊற்றினார். ராஜம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, குளியலறை வெளிச்சுவரில் இருந்த மீட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, உங்களுக்கு இப்பவே முந்நூத்தம்பது தாண்டிருச்சுங்க. எனக்கு ஏழு நாளு குளியலும் சேத்தி அவ்வளவுதானுங்க” என்றாள், நிதானமாக.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. தலையில் பாதி அரப்போடு கதவைத் திறந்து மீட்டரை எட்டிப்பார்த்தார். அரப்பு எரிந்ததோ, வெட்கமோ, முகம் சிவந்திருந்தது. ஹீட்டரைக் கழற்றும் பேச்சு அத்தோடு ஒழிந்தது.

“இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திக்கட்டுமா?” என்று கேட்டார்.

ராஜம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைக் கேட்டுச் செய்த முதல் காரியம் இதுதான்.

“நல்லா ஊத்திக்குங்க. நான் பாக்கலீங்க” என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.