விழச் சொல்லிக்கொடுத்தவர்

என் மகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்த, மலையாளம் கலந்து பேசும் அம்மாவுக்கு முழங்கையெல்லாம் பழைய தழும்புகள். முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விழ மட்டுமே கற்றுத்தருவார். மகள் தினமும் சிராய்ப்போடு வரவே, வக்கீல் மிடுக்கோடு பழவங்காடி மைதானத்துக்குப் போனேன்.

“எலும்பு முறிந்தால் யார் பொறுப்பு? கேஸ் போட்டால் உங்கள் வகுப்பையே மூட வேண்டிவரும்” என்று மிரட்டினேன்.

“நான்தான் பொறுப்பு சாரே. அதனாலதான் முதல்ல விழச் சொல்லித்தாரேன். நீங்களும் ஒருதடவை மாட்டிப் பாருங்க.”

மாட்டினேன். இரண்டடிகூட நகரவில்லை. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

“கையை ஊனக்கூடாதுப்பா” என்றாள் மகள்.

அந்த அம்மாவே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வழியில் மெதுவாகச் சொன்னார்: “சாரே, நான் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பொறுப்பு, கேட்டோ.”

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம், அவர் எப்படிச் சிரிக்காமல் அதைச் சொன்னார் என்று யோசிக்கிறேன்.