குக்கீயை மறுத்த காவலாளி

நாம் பார்ப்பதைக் குறித்துக்கொள்ள இணையதளங்கள் அனுமதி கேட்டு செல்போனில் காட்டும் குக்கீ அறிவிப்பைப் படித்து அதற்காகக் கோபப்பட்ட மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கேட் செக்யூரிட்டி. மையிட்ட மீசை, இரண்டு பேர் நுழையக்கூடிய சட்டை.

எங்கள் பட்டறையில் செய்த உதிரிபாகத்தின் சாம்பிளோடு நான் போனபோது, ஏதோ இணையதளத்தின் செட்டிங்ஸுக்குள் புகுந்து, விளம்பரத்துக்கு, கணக்கெடுப்புக்கு என்று இருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நான் வெயிலில் நின்றேன்.

"ஒருவாட்டி மிக்ஸி வெல பாத்தேம்பா. அப்பால எத தொறந்தாலும் மிக்ஸிதான் வந்து நிக்கிது. நான் இன்னா பாக்கறேன்னு இவனுக்கு இன்னாத்துக்கு?"

நியாயம்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும், பையில் என்ன, கண் ஏன் சிவந்திருக்கிறது? பிள்ளைப்பாக்கம் என்பதில் தொடங்கி, மகளுக்குக் காய்ச்சல், தூக்கமில்லை என்பது வரை சொல்லவைத்தார். போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, உள்ளே படம் எடுக்க முடியாதபடி கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டினார்.

"எனக்கும் 'வேணாம்'னு அமுக்க ஒரு பட்டன் கீதாண்ணா?" என்றேன்.

"ஏன், கீதே! அப்பிடியே திரும்பி வூட்டுக்குப் போயிடு."

சாம்பிள் தேறவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்த முறை ஊரைக் கேட்கவில்லை, பையைக் கேட்கவில்லை.

"பிள்ளைப்பாக்கம், பொண்ணுக்கு ஜொரம் வுட்டுச்சா?"

எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூட அதுவரை கேட்டிருக்கவில்லை. ஸ்டிக்கருக்காக, போனை நானாகவே நீட்டினேன்.