இரண்டு முட்டியும் ஒரே தடவையில்

இரண்டு முட்டியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள் என்று சொன்னது நான்தான். ஒன்று முதலில் ஆறட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். "ஒன்னு செஞ்சு வலி என்னான்னு தெரிஞ்சிட்டா, அடுத்ததுக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன் டாக்டர்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். என் மகன் சிரிக்கவில்லை.

சுவாவில் இருக்கும் என் சின்ன வீட்டில் இனி நான் தனியாக இருக்க முடியாது, சிரம்பானில் அவனுடைய அடுக்குமாடியிலேயே இருந்துவிட வேண்டியதுதான் என்று அவன் முடிவே கட்டியிருந்தான். தங்கமான பிள்ளை. ஆனால் எனக்கு என் வீடு வேண்டும். என் அடுப்படியில் நான் நின்று சமைக்க வேண்டும்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு வலி உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கினேன். புண் சீக்கிரம் ஆறும் என்று தெரிந்தவர்களெல்லாம் ஹாருவான் என்கிற விரால் மீன் சூப் கொண்டுவந்து குவித்தார்கள். அந்த வாடைக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது, ஓடத்தான் காலில்லை.

சில வாரங்கள் கழித்து, மருத்துவமனையில் நடைப்பயிற்சி தரும் மலாய்க்காரப் பெண் என் கையில் ஊன்றுகோலைக் கொடுத்து, நடைவழியின் கடைசிவரை போய்த் திரும்பி வரச் சொன்னாள். மகன் சக்கர நாற்காலியோடு வாசலில் காத்திருந்தான்.

போனேன். கடைசியை எட்டியதும் வந்த வழியே திரும்பத் தோன்றவில்லை. ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டியவள் நான். ஒரு நிரை மரங்களில் பட்டையை வெட்டிக்கொண்டே போனால், அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டே வருவோம். வெட்டி முடித்த நிரையில் யாராவது திரும்புவார்களா? கால் தானாகவே பக்கத்து நடைவழிக்குத் திரும்பிவிட்டது. மருந்து கொடுக்கும் இடத்தையெல்லாம் தாண்டி, ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே மறுபக்கமாக வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரே அமர்க்களம். அந்தப் பெண் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அலைந்தான்.

"எங்கம்மா போனீங்க? விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்லா!"

"அடுத்த நெரையில வந்தேன்."

"இவ்ளோ தூரம் யாரும் புடிக்காமயா?"

"புடிக்க யாரு இருந்தா?"

சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் நாற்காலியை ஒப்படைத்துவிட்டு வந்தான். கார்வரை நானே நடந்தேன். தன் வீட்டுக்குத் திரும்பும் முச்சந்தியில் திரும்பாமல், காரை சுவா போகும் சாலையில் விட்டான்.

கொஞ்ச தூரம் போனபிறகு, "அங்க அரிசி இருக்குமாம்மா?" என்றான்.